நாமினி கட்டம்

நுரை போட்டால் கோமதி கண்ணை மூடிக்கொள்வான். கன்னத்தில்தான் போடுகிறேன், கண்ணில் இல்லை. இருபத்தொன்பது வயதாகிறது, பத்து வருஷமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நான்தான் அவனுக்குச் சவரம் செய்கிறேன், இன்னும் மூடிக்கொள்கிறான். வளர்ந்த மகனுக்கு அம்மா சவரம் செய்வதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று முதலில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். இப்போது பின்பக்கம் துணி காயும் கொடிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறேன், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மணி பத்தே கால். பதினொன்றுக்கு உலகநாதன் வருவான், என் வீட்டுக்காரருடைய தம்பி. ஞாயிறானால் கோமதியை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் டீக்கடையில் இரண்டு வடை வாங்கிக்கொடுத்துக் கூட்டிவருவான். அவன் வருவதற்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். ஒன்று இந்தத் தாடி. இன்னொன்று, துவைக்கிற மிஷின்மேல் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிற செல்போனில் இருக்கிறது. நாமினி பெயர் என்று போட்டு ஒரு கட்டம் திறந்து நிற்கிறது. உள்ளே ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி அணைகிறது. எனக்குப் பின்னால் இந்தப் பணம் யாருக்கு என்று கேட்கிறது. எனக்குப் பின்னால் இவன் யாருக்கு என்பதைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. இரண்டு கையிலும் நுரை. ஒரு விரலைச் சேலையில் துடைத்துத் திரையைத் தொட்டேன், இல்லையென்றால் அதுவும் தூங்கிப்போய் மறுபடி முதலிலிருந்து வரச் சொல்லும்.

ஓய்வு பெற்று இருபத்திரண்டு நாள் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் கருவூலத்தில் ஊரார் ஓய்வூதியத்தைப் பட்டுவாடா செய்ததில் கண்ட ஒரே லாபம், என் பணம் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. நாற்பத்தோரு லட்சம். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த அன்று மத்தியானமே அந்தக் கிளையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான், மேடம் மேடம் என்று குழைந்தான், மறுநாள் வீட்டுக்கே வந்து ஐந்து திட்டம் சொன்னான். "அஞ்சுலயும் பிரிச்சுப் போட்டுட்டா ரிஸ்க்கே இல்ல மேடம்." நானும் நம்பிவிட்டேன். ஐந்து பெயர் ஐந்து விதமாக இருந்தது, கேட்க நன்றாக இருந்தது. ஜெசிந்தாதான் தடுத்தாள். ஜெசிந்தா எனக்கு அடுத்த மேசைக்காரி, பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸில் கைவைத்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அந்த ஐந்து திட்டமும் பணம் போடுகிற கம்பெனிகளின் பட்டியலைத் தாளில் எழுதி வரச்சொல்லி, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துக் காட்டினாள். ஐந்திலும் மேலே இருந்த எட்டுக் கம்பெனி ஒரே கம்பெனிகள். "அரசியக்கா, ஒரே தோசைய அஞ்சு தட்டுல வச்சுத் தாரான், தட்டுக்குக் காசு வாங்குதான்" என்றாள். அந்தத் தட்டுக் காசு வருஷத்துக்கு ஒரு சதவீதம், ஒன்றரைச் சதவீதம். ஒரு சதவீதம்தானே என்று எனக்குத் தோன்றியது. கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினாள். இருபத்துநாலு லட்சம், இருபது வருஷம், பத்து சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை, ஒன்பது என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் இருபத்தேழு லட்சம். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பணம் எண்ணியே வயதைத் தொலைத்தவள் நான், என் கைக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது. தலையைத் திருப்பாதே கோமதி. எய்யா, நேரா பாரு. கிளி இல்ல, அது காக்கா. காக்காதான்.

அவள் சொன்னது இதுதான். ஐந்தாறு வருஷச் செலவுக்கானதைத் தபால் ஆபீஸிலும் வங்கியிலும் போட்டு வைத்துவிடு, அதைத் தொடாதே. மிச்சம் இருபத்துநாலு லட்சத்தை மாதம் ஒரு லட்சமாக ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போடு. நாட்டில் பெரிய ஐம்பது கம்பெனி எதுவோ அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கும், யாரும் மூளையைக் கசக்கித் தேர்ந்தெடுக்கிறதில்லை, அதனால் கூலியும் கம்மி. நான் கேட்டேன், அந்த ஐம்பதில் ஒன்று திவாலாகிவிட்டால்? "பட்டியல்ல இருந்து தூக்கிட்டு அடுத்தவனச் சேத்துருவாங்க. நம்ம ஒண்ணும் செய்ய வேண்டாம்." ஐம்பதும் விழுந்தால்? "விழும். கொரோனா வந்தப்ப மூணுல ஒரு பங்கு போயிட்டு எனக்கு. நான் போனையே தொறக்கல, முருங்கைக்காய உரிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்ப ஏறிட்டு. அம்பதும் ஒரே நாள்ல செத்தா, அன்னைக்குக் கவலப்பட நம்மளும் இருக்க மாட்டோம்." அவளுக்கென்ன, அவள் சிரிப்பாள், ஒண்டிக்கட்டை. ஆனால் நான் அன்று ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது பயத்தில் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாத பணம் என்று ஒன்று இருக்கிறதே என்றுதான். ஒருத்தன் கெட்டால் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு அடுத்தவனை வைத்துவிடுமாம். எனக்கு வேண்டியதே அப்படி ஒன்றுதான், இவனுக்கு. இவங்க அப்பாவுக்கு இது தெரியாமல் போயிற்று. அவர் முட்டாள் இல்லை, மில்லில் கணக்கெழுதியவர், இவனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராமல், மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்ன மாதம் கையிலிருந்ததையெல்லாம் ஒரு தேக்குமரத் திட்டத்தில் போட்டார். இருபது மரம் கோமதி பெயரில். இருபது வருஷம் கழித்து மரத்துக்கு இவ்வளவு என்று பச்சை மையில் பத்திரம் கொடுத்தார்கள். ஒருநாள் தோட்டத்தைப் பார்த்துவரலாம் என்று பஸ் ஏறிப் போனோம், கோமதி என் மடியில் தூங்கினான், அங்கே வேலிக்கல் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, உள்ளே ஆடு மேய்ந்தது. அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. இருதயம் நின்றது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆனால் அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஆள் பாதியாகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

இடது கன்னம் முடிந்தது. தண்ணீரில் அலசினேன், ரேசரில் சின்னச் சின்ன கறுப்பு முடி, அதில் இரண்டு வெள்ளை. இவனுக்கு நரைக்கிறது. இதை நான் இன்றுதான் பார்க்கிறேன். இவனுக்கும் வயதாகும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது, ஆனாலும் அந்த இரண்டு முடியை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் போனில் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது, இந்தப் பணம் உங்களுக்கு எத்தனை ஆண்டுகளுக்குத் தேவைப்படாது. மூன்றுக்குள், மூன்றிலிருந்து ஐந்து, ஐந்துக்கு மேல். ஐந்துக்கு மேல் என்பதைத் தொட்டேன். எவ்வளவு மேல் என்று அது கேட்கவில்லை. நான் இன்னும் பதினைந்து வருஷம் இருந்தால் இவனுக்கு நாற்பத்துநாலு. இவனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது, சர்க்கரை இல்லை, வலிப்பு நின்று பத்து வருஷமாகிறது, டாக்டர் போன மாதம்தான் முதுகைத் தட்டி ராஜா மாதிரி இருக்கான் என்றார். எழுபது வரை இருப்பான். அப்படியானால் எனக்குப் பிறகு இருபத்தாறு வருஷம். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்றால் அறுநூற்றுச் சொச்சம் தடவை யாரோ இவன் தாடையைப் பிடித்துத் தூக்க வேண்டும். டாக்டர் அப்படிச் சொன்னபோது சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆட்டோவில் வரும்போது அழுதேன். சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு ஒருநாள் முன்னால் இவன் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலுக்குப் போய்க் கேட்பதில்லை, அங்கே கேட்க வெட்கமாக இருக்கிறது. சோறு வடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இதோ இப்படிக் கழுத்துக்கு நுரை போடும்போது. முன்னெல்லாம் இவங்க அப்பாவுடைய மடக்குக் கத்தியால்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் கழுத்தடியில் வைத்தபோது கை நின்றது. எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் விலை பார்க்காமல் இந்த ரேசரை வாங்கிவந்தேன். கழுத்தைத் தூக்கு எய்யா. இன்னும் கொஞ்சம். "வடை" என்கிறான். சித்தப்பா வரும், வந்ததும் வடை. "ரெண்டு." ஆமா, ரெண்டு.

கட்டம் இருட்டிக்கொண்டு வந்தது, தொட்டேன். நாமினி வேண்டாம் என்றும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாரிசுச் சான்று, தாசில்தார், கோர்ட், இவனைக் கூண்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்து உன் பெயர் என்ன என்று கேட்பார்கள், இவன் கோமு என்பான். இவன் பெயரையே எழுதினால்? மேஜர்தானே, எழுதலாம், கையெழுத்துப் போடத்தான் தெரியாது. அப்போதும் யாராவது ஒருத்தர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஆக யார் என்பதிலேயே வந்து நிற்கிறது. ரோகிணி, என் தங்கை மகள், சென்னையில் இருக்கிறாள், சின்ன வயதில் இவனோடு ஒரே பாயில் கிடந்தவள். "பெரியம்மா, நான் இருக்கேன்ல, நீங்க ஏன் கவலப்படுதிய" என்று கட்டிப்பிடித்துச் சொன்னவள்தான். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே தங்கை போன் செய்து, அக்கா, கோமதிய நாளைக்கு மட்டும் கூட்டிட்டு வராத, அவங்க பரம்பரைன்னு நெனச்சிருவாங்க என்றாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டேன், காட்டிக்கொள்ளவில்லை. இப்போது ரோகிணிக்குப் போன் செய்தால் அப்புறம் கூப்பிடுதேன் பெரியம்மா என்கிறாள். அந்த அப்புறம் தீபாவளிக்கு வருகிறது. உலகநாதன் அப்படியில்லை, கூப்பிட்டால் வருவான், கூப்பிடாமலும் வருவான். கருகிப்போன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற கடை, விரலெல்லாம் வார்னிஷ் வாசம், நல்லவன், சிரித்தால் கண் தெரியாது. நல்லவன் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்தாறு வயது, சர்க்கரை இருக்கிறது, ஒரே ஆள், எல்லாம் அவன் ஒருத்தன் தலையில். அவன் பெண்டாட்டி சிவகாமியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். கோமதி போனால் சோபாவில் உட்கார விடமாட்டாள், உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாடு வயிறு நிறையப் போடுவாள், அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் மகன் தினேஷ் ஓசூரில் இருக்கிறான். அவன் கோமதியை அண்ணா என்று கூப்பிட்டது எட்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று.

இந்தத் திரையில் பிரித்தும் எழுதலாம். ஒரு பெயர், இவ்வளவு சதவீதம், இன்னொரு பெயர், இவ்வளவு சதவீதம். நேற்று பூராவும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், உலகநாதன் நாற்பது, ரோகிணி முப்பது, இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஜெசிந்தா சொன்ன ஒரு இல்லம் முப்பது, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள் என்று. பிறகு உலகநாதன் ஐம்பது. பிறகு ரோகிணி வேண்டாம். பிறகு இல்லமும் வேண்டாம், அங்கே ஒரு முகமும் எனக்குத் தெரியாது. பணத்தை நூறாக நறுக்கி ஐம்பது கம்பெனிக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இவனை எப்படிப் பிரிக்கிறது. மூன்று பேருக்குப் பங்கு கொடுத்தால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேர் பார்ப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். எனக்கு மனிதர்களைத் தெரியாது, ஆனால் கையெழுத்துகளைத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நேரில் வந்து உயிரோடிருக்கிறேன் என்று காட்ட வேண்டும், நேர்காணல் என்போம், வரிசை வாசல் வரை நிற்கும். எனக்குப் பின் இவனுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு, ஆயுள் முழுக்க, காப்பாளர் ஒருத்தர் கூட்டி வந்து காட்ட வேண்டும். முன்பு வேறொரு ஊரில் வேலையில் இருந்தேன், ஊர்ப்பெயர் வேண்டாம். தாயம்மாள் என்று ஒருத்தி, கோமதி மாதிரிதான், முப்பது வயதிருக்கும், அப்பா ஆசிரியராக இருந்து செத்துப்போனவர், அண்ணன் காப்பாளர். முதல் வருஷம் தலைநிறைய பூ வைத்துக் கூட்டி வந்தான், என் மேசையிலிருந்த குண்டூசி டப்பாவை எடுத்து ஆட்டிச் சிரித்தாள். இரண்டாம் வருஷம் பூ இல்லை. மூன்றாம் வருஷம் நைட்டியும் மேலே ஆம்பிளைச் சட்டையும் போட்டிருந்தாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தது, மணிக்கட்டைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. கயிறு. நான் பார்த்தேன். அவள் டப்பாவைத் தொடவில்லை. பின்னால் இருநூறு பேர். "ஆளு இருக்குல்லா மேடம், போடுங்க" என்றான் அண்ணன். படிவத்தில் உயிருடன் உள்ளார் என்று ஒரு வரிதான் உண்டு, எப்படி உள்ளார் என்று கேட்கவில்லை. உயிருடன் இருந்தாள். போட்டேன். வீட்டில் எனக்கு அப்போது பதினாறு வயதில் கோமதி இருந்தான், அப்படியும் போட்டேன். அன்று வீட்டுக்கு வந்து இவனுக்குத் தலைவாரி விட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் அவள் வரவில்லை. வராதவர்களுக்கு ஓய்வூதியத்தை நிறுத்தி உத்தரவு போட வேண்டும், அதையும் நான்தான் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, அண்ணனும் வந்து கேட்கவில்லை.

மூக்குக்குக் கீழே கொஞ்சம் பாக்கி. இங்கேதான் இவன் அசைவான், கூசும். ஒரு கையால் மூக்கைத் தூக்கிப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன், அப்படியும் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்துவிட்டது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபமே கிடையாது இவனுக்கு, அதுதான் எனக்குத் தாங்காது. அடித்தாலும் இப்படித்தான் பார்ப்பான், அடித்தவர்கள் ஏதோ தெரியாமல் செய்துவிட்டது போல. ஒன்றுமில்லய்யா, ஒன்றுமில்ல, அம்மாதான். படிகாரத்தை நனைத்து ஒற்றினேன், முகத்தைத் துடைத்தேன். துடைத்ததும் அவங்க அப்பா முகம். மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, இனி யோசித்தால் இன்னும் ஒரு ஞாயிறு போகும் என்று, உலகநாதன் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். உறவு, கணவரின் தம்பி. பிறந்த தேதி, அது எனக்குத் தெரியும். சதவீதம், நூறு. ஜெசிந்தா பார்த்தால் என்ன சொல்வாள், பணத்துக்கு ஐம்பது பேர், பிள்ளைக்கு ஒரே ஆளா அரசியக்கா என்பாள். நல்லவன்தானே, வருகிறவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதி செய் என்பதைத் தொடப் போகும்போது வண்டிச் சத்தம் கேட்டது. கோமதி ஸ்டூலை உதைத்துவிட்டு ஓடினான்.

உலகநாதன் எப்போதும் நேரே அடுப்படிக்கு வந்து தண்ணீர் மொண்டு குடிப்பான். இன்று வாசற்படியிலேயே நின்றான். கோமதி அவன் சட்டைப்பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தான். "மதினி, ஒண்ணு சொல்லணும். போன வாரமே சொல்லணும்னு வந்தேன், வாய் வரல" என்றான். சொல்லு என்றேன். "அந்தப் பணத்துக்கு என்னமோ எழுதணும்னு சொன்னியள்லா. அதுல எம்பேரப் போட்டிராதிய." நான் போனைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டேன். அவன் கோமதியின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தினேசு கடை வைக்கணும்ங்கான். பன்னெண்டு லட்சம் கேக்கான், தெனம் போன் அடிக்கான், அவுங்கம்மையும் கூடச் சேந்து அழுதா. எங்கிட்ட இல்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இல்ல, அதனால சொல்ல முடியுது. கையில இருந்தா என்னால சொல்ல முடியாது மதினி. எனக்கு என்னையத் தெரியும்." கோமதி கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான். "கோமதிய நான் பாத்துக்கிடுதேன், அதுல மாத்தமில்ல. நான் திங்கிறது அவனுக்கும் உண்டு. ரூவாய மட்டும் எங்கிட்டத் தந்திராதிய. வேற ஆள் பேரப் போடுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்த ஒரே பெயரையும் எடுத்துக்கொண்டு போகிறானே என்று. வேற ஆள் எங்கேடா இருக்கிறது, கடையில் விற்கிறதா என்று கேட்க வாய் வந்தது. "இன்னும் போடல. நீ போயிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. கோமதியைப் பின்னால் ஏற்றி, இரண்டு கையையும் எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்ட வைத்து, பிடிச்சுக்கிட்டியா, பிடிச்சுக்கிட்டியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். தெரு முக்கில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து போனைத் திறந்தேன், அவன் பெயரை அழித்தேன். ரோகிணி என்று எழுதினேன், பிறந்த தேதி கேட்டது, அவளைக் கூப்பிட்டேன், மணி அடித்து நின்றது, மறுபடி கூப்பிட்டேன், மறுபடி நின்றது. அதையும் அழித்தேன். கட்டம் காலியாகி அந்தக் கோடு மினுங்கியது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் என் மேசைமுன் நின்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், தாயம்மாளின் அண்ணனும் போட்டான். என்னால் முடியாது, என்னிடம் தராதே என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. உலகநாதன் சொன்னது உண்மை. தினேஷ் அழுதால் அவனால் இல்லை என்று சொல்ல முடியாது, அந்தப் பன்னிரண்டு லட்சம் போகும், அதற்கு மேலும் போகும். மிச்சம் இருக்கிறதில் கோமதிக்குச் சோறு போடுவான், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சவரமும் செய்வான், ரத்தம் வந்தால் பதறுவான். எனக்கு இதற்கு மேல் யாரும் கிடைக்கப் போவதில்லை. உலகநாதன் என்று மறுபடி எழுதினேன். கணவரின் தம்பி. நூறு. உறுதி செய்.